அட்மிட் என்ற சொல்லின் கீழ் ஒரு கையெழுத்து

திருமலைராயன்பட்டினம்,
காரைக்கால்.
18.3.2024

அன்புள்ள தங்கை ஜூலியட்டுக்கு,

இறைவன் அருளால் இங்கே எல்லோரும் நலம். உன் சுகத்துக்கும் உன் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறோம். கையெழுத்து உன் அண்ணி சலோமியுடையது. சொல்லச் சொல்ல எழுதுகிறாள். காரணத்தைச் சொல்கிறேன், பயந்துவிடாதே.

இந்த மாதம் ஐந்தாம் தேதி காலை கீழவாஞ்சூர் யார்டில் ஒரு விபத்து. பதினாலு வருடமாக நான் ஓட்டுகிற அதே பேலோடர்தான். நிலக்கரியை அள்ளி லாரியில் கொட்டுகிற அந்த வண்டியில் ஒருமுறை நீ கூட ஏறி உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். குவியலிலிருந்து பின்னால் எடுக்கும்போது, சிக்னல் காட்டுகிற இப்ராஹிம் பாய் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கண்ணாடியில் பார்த்ததும் வண்டியைத் திருப்பினேன். அது சரிவில் ஏறிச் சாய்ந்துவிட்டது. அவருக்கு வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு. எனக்குத் தோள்பட்டை எலும்பு. உயிருக்கு ஒன்றுமில்லை.

இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்டு நான் பாதி மயக்கத்தில் கிடந்தபோது சூப்பர்வைசர் மாறன் சில காகிதங்களோடு வந்து, "கையெழுத்துப் போடு ஜோசப்பு, சட்டுன்னு முடிச்சிடலாம்" என்றார். எல்லாம் இங்கிலீஷ். முதல் காகிதத்தில் ‘அட்மிட்’ என்று இருந்தது. அடுத்ததிலும் ‘அட்மிட்’ என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குத்தான் கேட்கிறார்கள் என்று இடது கையால் போட்டேன்.

இரண்டாவது காகிதம் ஆஸ்பத்திரியுடையது இல்லையாம். சிக்னலுக்குக் காத்திருக்காமல் நானே பின்னால் எடுத்தேன், வண்டி நல்ல நிலையில் இருந்தது என்று நான் ஒத்துக்கொண்டதாக அதில் எழுதியிருக்கிறதாம். அதைக் காட்டி என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். லைசென்சையும் ரத்து செய்யச் சொல்லி எழுதப்போகிறார்களாம்.

சிக்னல் பார்த்துத்தான் எடுத்தேன். அதை எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன். நீ இங்கிலீஷ் டீச்சர். அந்தச் சொல்லுக்கு என்னென்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது, எப்படியெல்லாம் வரும் என்று விவரமாக எழுது. உங்கள் மலையில் டவர் இருந்தால் போனிலேயே கேட்டிருப்பேன். தபால்தான் கதி.

உன் அன்பு அண்ணன்,
ஆரோக்கியஜோசப்

(அண்ணன் சொல்லாமல் நானாக எழுதுவது: இந்த மனுஷன் மேல் ஒரு குற்றமும் இல்லை, ஜூலி. தெருவில் எவள் என்ன பேசினாலும் விடமாட்டேன். — சலோமி)


நாகாலாந்து,
2.4.2024

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள். நான் நலம். உங்கள் கடிதம் ஞாயிறு பூசை முடிந்து கைக்கு வந்தது. தோள் எப்படி இருக்கிறது? இப்ராஹிம் பாயைப் போய்ப் பார்த்தீர்களா?

சொல்லைப் பற்றி எழுதுவேன். அதற்கு முன்னால் அந்தக் காகிதம் வேண்டும். ஒரு சொல்லின் அர்த்தம் அதற்குப் பக்கத்தில் என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு காகிதங்களையும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். கையெழுத்து வாங்கிய நேரமும், ஊசி போட்ட நேரமும் ஆஸ்பத்திரிக் குறிப்பில் இருக்கும். அதையும் கேட்டு வாங்குங்கள்.

தைரியமாக இருங்கள். உங்களை ஏமாற்றியது பெரிய இங்கிலீஷ் இல்லை, ஐந்து எழுத்துச் சொல் ஒன்றுதான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புத் தங்கை,
ஜூலியட்


திருமலைராயன்பட்டினம்,
16.4.2024

அன்புள்ள ஜூலியட்டுக்கு,

எல்லோரும் நலம். நீயும் அவ்வாறே இருக்க வேண்டுகிறோம். இதுவும் சலோமி எழுதுவதுதான். தோளில் இன்னும் கட்டு இருக்கிறது.

காகிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஊசி போட்டது பதினொன்றே காலுக்கு. கையெழுத்து வாங்கியது பதினொன்றே முக்காலுக்கு. ஆஸ்பத்திரி நர்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டார்.

மரியசூசை பெரியப்பாவிடம் காட்டினேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் அல்லவா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சொல்லையே ரொம்ப நேரம் பார்த்து, பிரெஞ்சு மாதிரியே வாசித்தார். "அத்மின்னா பரீட்சையில பாஸ் ஆயிட்டேன்னு அர்த்தம்டா. எங்க காலத்துல ரிசல்ட்டுல அப்படித்தான் போடுவான். நீ எதுல பாஸ் ஆன?" என்றார். சலோமி சிரித்துவிட்டாள். விபத்துக்குப் பிறகு வீட்டில் அன்றைக்குத்தான் சிரிப்புச் சத்தம்.

இப்ராஹிம் பாய் வீட்டுக்கு ஒருமுறை போனேன். அவர் மனைவி சஜிதா வாசலிலேயே நின்று, "தூங்குறாருங்க" என்றார். திரும்பிவிட்டேன். அதற்கப்புறம் சலோமிக்கும் அவருக்கும் மீன் கடையில் ஏதோ வாக்குவாதம். அது பெண்கள் விஷயம்.

ஜூலை எட்டாம் தேதி தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை. உன் பதில் அதற்குள் வந்தால் போதும்.

அண்ணன்,
ஆரோக்கியஜோசப்


நாகாலாந்து,
30.4.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். இங்கே மழை பிடித்துவிட்டது. துணி காய மூன்று நாளாகிறது. மற்றபடி குறையில்லை. பெரியப்பா சொன்னது சரிதான், அவரிடம் சொல்லுங்கள். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்தச் சொல் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. லத்தீனில் இரண்டு துண்டு: ஒன்று ‘நோக்கி’, இன்னொன்று ‘அனுப்பு, போகவிடு’. சேர்த்தால், உள்ளே வர விடுவது. அதுதான் பழைய பொருள். ஆஸ்பத்திரியில் சேர்ப்பது, பள்ளியில் சேர்ப்பது, சினிமா டிக்கெட்டில் ‘அட்மிட் ஒன்’ என்று போடுவது எல்லாம் இந்த வகை. தேர்வானவரைப் பள்ளிக்குள் விடுவார்கள் என்பதால்தான் பிரெஞ்சில் அது பாஸ் ஆனதையும் குறிக்கிறது. பிறகு மனிதரை உள்ளே விடுவதுபோல ஒரு பேச்சை உண்மையென்று உள்ளே விடுவதற்கும் அதையே சொன்னார்கள். ‘ஆமாம், அப்படித்தான்’ என்று ஏற்பது. அதிலிருந்து குற்றத்தை ஒத்துக்கொள்வது. தமிழில் சேர்ப்பதும் ஒத்துக்கொள்வதும் வேறு வேறு சொற்கள். இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல்.

அடையாளம் சுலபம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘டு’ வருகிறது, அதற்கப்புறம் வார்டு பெயர். கம்பெனிக் காகிதத்தில் ‘ஐ அட்மிட்’ என்று தொடங்கி ‘தட்’ வருகிறது. ‘தட்’ வந்தால் அடுத்து வருவது வாக்குமூலம். ஆனால் காரைக்காலில் யாரும் ‘தட்’ போட்டு இந்தச் சொல்லைக் கேட்டதில்லை. நம் தெருவில் அட்மிட் என்றால் ஆஸ்பத்திரிதான், பள்ளிக்கூடம்தான். இதை அப்படியே சொல்லுங்கள். ஊசி போட்ட நேரத்தையும் சொல்லுங்கள். காகிதம் நிற்காது.

ஒன்று கேட்க வேண்டும். காகிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. சிக்னல் பார்க்கவில்லை என்பது ஒன்று. வண்டி நல்ல நிலையில் இருந்தது என்பது இன்னொன்று. முதலாவது பொய் என்று முதல் கடிதத்திலேயே எழுதினீர்கள். இரண்டாவதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. வண்டி நல்ல நிலையில் இருந்ததா, அண்ணா?

பதிலை எதிர்பார்க்கும்,
ஜூலியட்


நாகாலாந்து,
30.5.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். உங்களிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. பாதையில் மண் சரிந்து பத்து நாள் ஜீப் வரவில்லை என்பது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு இரண்டு தபால் பை வந்துவிட்டது. இன்னொரு டீச்சருக்குத் திருச்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.

போன சனிக்கிழமை கீழே இறங்கி போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார். நீங்கள் குளிக்கிறீர்கள் என்றார். கட்டு பிரித்தாயிற்று என்றும், கை நன்றாக வருகிறது என்றும் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பவும் செய்தேன். அப்போதும் குளிக்கிறீர்கள்.

கை நன்றாகிவிட்டதென்றால் இனி நீங்களே எழுதலாம். அண்ணி கையால் பதில் எழுத வேண்டியிருக்கும்போது அதைக் கேட்டது என் தப்பு. அது இப்போதுதான் புரிகிறது.

ஜூலியட்


திருமலைராயன்பட்டினம்,
19.6.2024

ஜூலி,

இது என் கையெழுத்து. கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். சலோமி மாங்கனித் திருவிழா பார்க்கப் பிள்ளைகளோடு டவுனுக்குப் போயிருக்கிறாள்.

நேற்று முன்தினம் ஹஜ்ஜுப் பெருநாள். ஒவ்வொரு வருடமும் இப்ராஹிம் பாய் வீட்டிலிருந்து குர்பானிக் கறி வரும். இந்த வருடம் வராது என்றிருந்தேன். மத்தியானம் சஜிதாவின் தம்பி சஃபியுல்லா ஆட்டோவை நிறுத்தி, தூக்கை நீட்டினார். "மச்சான் குடுத்து உட்டாரு அண்ணே."

"கால் எப்படிங்க இருக்கு?" என்றேன்.

"கால் தேவலாம். காதுக்குத்தான் டாக்டர்ட்ட போயிட்டு வர்றாரு. செக்லிஸ்ட்டுல ஹாரன் ஓகேன்னு போட்டிருக்காமே. ஹாரன் அடிச்சும் கேக்கலன்னா காது போயிட்டுன்னுதானே அர்த்தம்ங்கிறாரு. டாக்டரு ஒண்ணுமில்லன்னாலும் நம்ப மாட்டேங்கிறாரு. இனிமே யாருக்கும் சிக்னல் காட்டப் போவ மாட்டேன்னு ஒக்காந்திருக்காரு."

தூக்கை வாங்கி உள்ளே வைத்தேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு வாய் கூட இறங்கவில்லை.

நீ கேட்டாய். வண்டி நல்ல நிலையில் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது அலறுகிற ஹாரன் நான்கு நாளாகவே கோளாறு. ஒரு நேரம் அடிக்கும், ஒரு நேரம் அடிக்காது. முதல் நாளே மாறனிடம் சொன்னேன். "பார்ட்ஸ் வர்ற வரைக்கும் டிக் போட்டு ஓட்டு, வண்டிய நிறுத்தாத" என்றார். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் செக்லிஸ்ட்டில் நாங்கள்தான் எழுத வேண்டும். நான்கு நாளும் ஹாரனுக்கு நேரே ‘ஓகே’ என்று டிக் போட்டேன். ஐந்தாம் தேதி காலையிலும் போட்டேன். அன்றைக்கு அது அடிக்கவில்லை.

சிக்னலைப் பார்த்துத்தான் எடுத்தேன், அது சத்தியம். கை காட்டிவிட்டு அவர் உருண்டு வந்த ஒரு நிலக்கரிக் கட்டியை ஒதுக்கக் குனிந்திருக்கிறார். ஹாரன் அடித்திருந்தால் விலகியிருப்பார்.

சலோமிக்குத் தெரியாது. எனக்காக ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளை எழுதச் சொல்லி இதை எப்படிச் சொல்வேன்?

எட்டாம் தேதி விசாரணையில் இதைச் சொல்லப் போகிறேன். நீ வேண்டாமென்று எழுதினாலும் சொல்வேன். அதற்கு முன்னால் சலோமியிடம் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


நாகாலாந்து,
5.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உங்கள் கோணல் கையெழுத்தை நான்கு முறை படித்தேன்.

வேண்டாமென்று எழுதமாட்டேன். இந்தக் கடிதம் விசாரணைக்கு முன்னால் வந்து சேராது என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். பொய்யான வாக்குமூலத்தை மறுக்கிறவர் உண்மையானதையும் சேர்த்துச் சொன்னால் மறுப்பு பலவீனமாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தன் தப்பைத் தானே சொல்கிறவரை நம்பித்தான் அவர் மறுப்பையும் நம்புவார்கள்.

போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். பெரிய அகராதியில் பார்த்தபோது கண்ணில் பட்டது. உங்களுக்கு வேண்டாம் என்று எழுதவில்லை. அந்த லத்தீன் சொல்லுக்கு இன்னொரு பயன்பாடும் இருந்திருக்கிறது: தப்பு செய்வதற்கும் அவர்கள் அதையே சொல்லியிருக்கிறார்கள். தப்பை உள்ளே விட்டவன் அதைச் செய்தவன். இங்கிலீஷ் அந்தப் பொருளை எடுத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்வதை மட்டும் வைத்துக்கொண்டது.

அண்ணியிடம் சொல்லிவிட்டீர்களா? அதற்குத்தான் இங்கே தினமும் ஒரு ஜெபமாலை.

ஜூலியட்


திருமலைராயன்பட்டினம்,
16.7.2024

அன்புள்ள ஜூலிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் நேற்று கிடைத்தது. விசாரணை முடிந்து எட்டு நாள் ஆகிவிட்டது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விசாரணை அதிகாரி மதிவதனி அம்மா. நாற்பது வயதிருக்கும். ஒரு பக்கம் கம்பெனி வக்கீலும் மாறனும். இன்னொரு பக்கம் நான், சலோமி. பின்னால் இப்ராஹிம் பாய், காலை நீட்டி வைத்து, ஊன்றுகோலோடு.

வக்கீல் காகிதத்தைக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே?"

"என்னுதுதாங்க."

"அப்ப தப்ப ஒத்துக்கிட்டீங்க."

"இல்லிங்க. அட்மிட்னு இருந்துச்சு. ஆஸ்பத்திரில அட்மிட் பண்றதுக்குன்னு போட்டேன்."

அவர் சிரித்தார். "பதினாலு வருஷம் வேலை பாத்தவரு. அட்மிட்னா என்னன்னு தெரியாதா?"

மதிவதனி அம்மா அவரைப் பார்த்து, "சார், உங்க வீட்டுல யாருக்காவது ஒடம்பு முடியாம ஆஸ்பத்திரில இருந்தா ஆபீஸ்ல என்ன சொல்வீங்க?" என்று கேட்டார்.

"அட்மிட் ஆயிருக்காங்கன்னு..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

நீ எழுதிய ‘டு’, ‘தட்’ கணக்கைச் சொன்னேன். ஊசி போட்ட நேரத்தைக் காட்டினேன். அம்மா இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இத வாக்குமூலமா எடுத்துக்க முடியாது" என்று எழுதிக்கொண்டார்.

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். "இன்னொன்னு இருக்குங்கம்மா. அத யாரும் எங்கிட்ட எழுதி வாங்கல. நானே சொல்றேன்" என்றேன். ஹாரன், நான்கு நாள், டிக் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாறன் தலையைக் குனிந்துகொண்டார். "ஓட்டச் சொன்னது யாரு?" என்று அம்மா கேட்டார்.

"மாறன் சார் சொன்னாருங்க. ஆனா பேனா என் கையிலதான் இருந்துச்சு."

சலோமிக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். முழுதும் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். காலையில் புடவை மாற்றிக்கொண்டு என்னோடு கிளம்பிவிட்டாள். அறையில் நான் பேசும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எழுந்தும் போகவில்லை.

வெளியே வந்தபோது இப்ராஹிம் பாய் படியோரம் ஆட்டோவுக்காக நின்றிருந்தார். பக்கத்தில் போனேன். 

"அப்ப என் காதுக்கு ஒண்ணுமில்ல?" என்றார்.

"ஒண்ணுமில்ல பாய்."

"இதச் சொல்றதுக்கு ஒனக்கு நாலு மாசமா ஜோசப்பு?"

சஃபியுல்லா கை கொடுத்து அவரை ஆட்டோவில் ஏற்றினார். போய்விட்டார்கள்.

தீர்ப்பு அடுத்த மாதம். என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வேன். நன்றாகத் தூங்குகிறேன், ஜூலி. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

உன் அண்ணன்,
ஆரோக்கியஜோசப்


நாகாலாந்து,
1.8.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நேற்று ஒன்பதாம் வகுப்புக்குப் போனேன். அட்மிட் என்ற வினைச்சொல்லுக்கு வாக்கியம் எழுதச் சொன்னேன். முப்பத்தொரு பிள்ளைகளில் இருபத்தெட்டுப் பேர் ஆஸ்பத்திரியை எழுதினார்கள். காரைக்காலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளிப் பிறந்த பிள்ளைகளும் நம் தெருவைப் போலத்தான் எழுதுகிறார்கள்.

அண்ணி ஏன் எனக்கு ஒரு வரியும் எழுதவில்லை? கோபமென்றால் கோபமென்றாவது எழுதச் சொல்லுங்கள்.

ஜூலியட்


திருமலைராயன்பட்டினம்,
20.8.2024

அன்புள்ள தங்கை ஜூலியட்டுக்கு,

ஆண்டவர் துணையால் நாங்கள் சுகம். மாதா திருநாளுக்கு நீ அனுப்பிய பணத்தில் பிள்ளைகளுக்குத் துணி எடுத்தோம். உனக்கும் ஒரு புடவை எடுத்து வைத்திருக்கிறோம், கிறிஸ்துமசுக்கு வரும்போது கட்டிக்கொள்.

உத்தரவு வந்துவிட்டது. கையெழுத்துக் காகிதம் செல்லாது. லைசென்சுக்கு ஆபத்தில்லை. ஹாரனைச் சரிசெய்யாமல் வண்டியை ஓடவிட்டதற்குக் கம்பெனி பொறுப்பு, பாய்க்குக் கால் நேராகும் வரை வைத்தியமும் சம்பளமும் அவர்களுடையது. தவறாக டிக் போட்டதற்கு நான் ஆறு மாதம் வண்டி தொடக்கூடாது, எடைமேடையில் வேலை. சரி என்று கையெழுத்துப் போட்டேன். இந்த முறை ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான்.

யார்டில் சிலர் என்னோடு பேசுவதில்லை. மாறனைக் காட்டிக் கொடுத்துவிட்டேனாம். இருக்கட்டும். போன வாரம் வேறு ஒரு ஆபரேட்டர், பிரேக் இழுக்கவில்லை என்று எழுதி வண்டியை ஓரங்கட்டிவிட்டார். மத்தியானத்துக்குள் மெக்கானிக் வந்தார்.

சலோமியைப் பற்றிக் கேட்டாய். விசாரணைக்குப் பிறகு ஐந்தாறு வாரம் அவள் என்னிடம் சாப்பாடு, பிள்ளைகள், தண்ணீர் வரி தவிர வேறு எதுவும் பேசவில்லை. எனக்காகப் பேசிய ஒவ்வொரு பேச்சும் அவளுக்குத் திரும்ப வந்திருக்கும். மீன் கடையில் சஜிதாவை என்ன சொன்னாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து நேரே வீட்டுக்கு வரவில்லை. பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டாள். "அம்மா பாய் வீட்டுக்குப் போயிருக்கு" என்றார்கள். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு பை முருங்கைக்கீரை.

"என்ன பேசுனீங்க?" என்றேன்.

"அது எங்களுக்குள்ள" என்றாள்.

உட்கார்ந்து கீரையை உருவத் தொடங்கினாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தேன். தலையைத் தூக்காமலே, "சாயங்காலம் பாய் ஒன்ன வரச் சொன்னாரு. தனியா வரச் சொன்னாரு. என்ன கேட்டாலும் சொல்லிடு" என்றாள்.

போனேன். நாலு மாதம் ஏன் என்று, படியோரம் கேட்டதையே திரும்பக் கேட்டார். இந்த முறை சொன்னேன்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள். மழையில் நனையாதே.

அன்பு அண்ணன்,
ஆரோக்கியஜோசப்